சாமி பேருக்கே அர்ச்சனை

எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி, ஆறு வீடு, லிஃப்ட் கிடையாது. நான் முதல் மாடி, சாருலதா மூன்றாவது மாடி. ஒன்பது வருஷமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். இந்த ஒன்பது வருஷத்தில் அவளைப் பற்றி நான் தெரிந்துவைத்திருந்தது இவ்வளவுதான்: கல்யாணம் ஆகவில்லை, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், பூனை வளர்க்கிறாள், குடியிருப்போர் கூட்டத்துக்கு வரமாட்டாள். இதை வைத்துக்கொண்டே அவளுக்குத் தலைக்கனம் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள் நான். தலைக்கு மேலே குடியிருந்தவளிடம் ஒரு ஹலோ சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அவள் கதையை அவளே என்னிடம் சொன்னது போன ஆடி மாதம்தான். வெளியே சொல்லமாட்டேன் என்று அவள் தன் கம்பெனியில் கையெழுத்துப் போட்டிருந்தாளாம். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. லஸ் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். வக்கீல் காலமானதும் பிள்ளைகள் ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். நட்சத்திரம் கேட்டை. கேட்டையில் பிறந்த பெண் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒன்று சொல்லிவைத்திருக்கிறார்களே, அதனால் வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பிவிட்டது. அண்ணனே இல்லாத மாப்பிள்ளையாகப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அப்படியும் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களுக்கு வேறு காரணம் கிடைத்தது. வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்.

அவளுடைய அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் கபாலி கோயிலில் கற்பகாம்பாள் சந்நிதிக்குப் போவாள். அர்ச்சனைத் தட்டை நீட்டி, "சாருலதா, கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி" என்று பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வாள். பக்கத்தில் நிற்கும் சாருலதாவுக்கு மானம் போகும். வயது இருபதில், முப்பதில், நாற்பதில் எல்லாம் அது நடந்தது.

அம்மா போனபிறகு முதல் வெள்ளிக்கிழமை தட்டோடு தனியாகப் போய் நின்றாள். குருக்கள் யார் பேருக்கு என்று கேட்டார். தன் பேரைத் தானே போய்ச் சொல்லிக்கொள்வது, பந்தியில் தன் இலைக்குத் தானே பாயசம் ஊற்றிக்கொள்வதுபோல இருந்ததாம். பின்னால் கூட்டம் நெருக்கியது. "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒரு வழக்கம் உண்டுதானே. தனக்கென்று ஒன்றும் கேட்காத பெரிய மனசுக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். சாருலதாவுக்குப் பெரிய மனசெல்லாம் இல்லை, கூச்சம். ஆனால் அதுவே பழக்கமாகி, எட்டு வருஷமாகக் கோயிலில் அவள் பேர் ஒலிக்கவில்லை. புனேயில் ஒரு அண்ணன் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் செய்து, "என்ன சாரு, சௌக்கியமா" என்பார். அவள் பேரைச் சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் பாதிப் பேர்.

இந்த நிலைமையில்தான் ஒரு பூனை படியேறி வந்து அவள் வாசலில் உட்கார்ந்தது. சாருலதா வீட்டில் முட்டைகூடச் சேர்த்துக்கொள்ளாத சைவம். பூனைக்குச் சைவமும் தெரியாது, வைணவமும் தெரியாது. தயிர்சாதத்தை மூன்று நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் பட்டினி கிடந்தது. நாலாம் நாள் தெருவில் மீன்காரம்மாவின் குரல் கேட்டதும், சாருலதா பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பையைக் கட்டி இறக்கினாள். பையில் காசு இறங்கும், காரப்பொடி மீன் ஏறும். ஆறு வருஷமாக அந்த வியாபாரம் அப்படியே நடந்தது. மீன்காரம்மா காலையில் பட்டினப்பாக்கம் லூப் ரோடு மார்க்கெட்டில் விற்றுவிட்டு, மீந்ததை அன்னக்கூடையில் வைத்துக்கொண்டு பதினோரு மணிக்கு எங்கள் தெருவுக்கு வருவாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா படம். மேலே இருந்து பார்க்கும் சாருலதாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய தலை வகிடும் கூடையும்தான். ஒருத்தி பேர் ஒருத்திக்குத் தெரியாது.

போன வருஷம் பொங்கல் கழிந்து சாருலதாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. அடையாறில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் கம்பெனி. அவர்கள் செய்துகொண்டிருந்தது 'ஒருகுரல்' என்று ஒரு ஆப். எல்லா மதத்துக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கக்கூடிய பிரார்த்தனையைச் செயற்கை நுண்ணறிவு தானே இயற்றிச் சொல்லுமாம். ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், யார் மனதும் புண்படாது. பாரத் என்கிற பையன்தான் பொறுப்பாளர். பையன் என்கிறேன், இருபத்தொன்பது வயது. மதமெல்லாம் மேலே போட்டுக்கொண்ட சட்டை, உள்ளே வேண்டுதல் ஒன்றுதான், அந்த ஒன்றை மெஷினுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் நாளைக்குச் சண்டைக்கே இடமிருக்காது என்று அவளுக்குச் சொன்னானாம். நல்ல பிள்ளைதான். அந்த வயதில் நானும் ஊரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க நிஜ மனிதர்களின் வேண்டுதல் தேவைப்பட்டது. கம்பெனி ஆட்கள் பெசன்ட் நகர் மாதா கோயில் வாசல், மாட வீதி, மசூதி வாசல், தி.நகர் குருத்வாரா, ஆஸ்பத்திரி நடை என்று அலைந்து, சம்மதம் கேட்டு, உங்கள் சாமியிடம் என்ன கேட்பீர்களோ அதை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள் என்று போனில் பதிந்துகொண்டு வந்தார்கள். அதையெல்லாம் ஹெட்போன் வைத்துக் கேட்டு டைப் அடிப்பது சாருலதாவின் வேலை. அதில் ஒரு விதி. சாமி பேர் வந்தால் அதை எடுத்துவிட்டுச் சதுர அடைப்புக்குள் 'இறை' என்று போட வேண்டும். ஆள் பேர் வந்தால் 'நபர்'. ஊர், தெரு வந்தால் 'இடம்'. மெழுகுவர்த்தி, மொட்டை, சந்தனக்கூடு, ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் 'சடங்கு'. இப்படி வடிகட்டியதைத்தான் மெஷின் படிக்கும்.

வீட்டிலிருந்தே செய்கிற வேலை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஊரார் வேண்டுதல். முதல் இரண்டு நாள் அடுத்த வீட்டுக் கதவில் காது வைத்துக் கேட்பதுபோல அவளுக்கு உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது. மகன் குடியை விட வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் இருக்கக் கூடாது. மருமகள் திரும்பி வந்துவிட வேண்டும். நீட் பாஸாக வேண்டும். அடைப்புக்குறி போட்டு முடித்தபிறகு எது மசூதி வாசலில் சொன்னது, எது மாட வீதியில் சொன்னது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பாரத் சொன்னது சரிதான் என்று நினைத்தாளாம். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இன்னொன்றும் கவனித்தாள். தனக்காக மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்கள் ரொம்பக் குறைச்சல். எல்லோரும் யார் பேரையாவது சொன்னார்கள். ஜெனிதாவுக்குக் குழந்தை வேண்டும், ஷாஹுல் ஹமீதுக்கு விசா கிடைக்க வேண்டும், ஆனந்தகுமாரின் கோபம் தணிய வேண்டும், மேகலா சாப்பிட வேண்டும். மேகலா ஏன் சாப்பிடவில்லை என்று அந்த அம்மாள் சொல்லவே இல்லை. அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பேரையும் சாருலதா ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வாள். யாரோ ஆசையாகச் சொன்ன பேர், சும்மா அழிக்க மனசு வரவில்லை. அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டது அப்படித்தான்.

எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே நினைவில்லை, ஒருநாள் தன் பேருக்காகக் காத்திருப்பது தெரிந்தது. ஆயிரத்துக்கு மேல் வேண்டுதல் அடித்தாகிவிட்டது. பிரியா வந்தாள், புவனா வந்தாள், பாத்திமா பத்துத் தடவை வந்தாள். சாருலதா ஒரு தடவைகூட வரவில்லை. வேறு யாரோ ஒரு சாருலதாவாக இருந்தாலும் போதும், அந்த ஒரு நாள் மட்டும் அழிக்காமல் வைத்திருந்து அடுத்த நாள் அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தாளாம். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஹெட்போனில் தெரிந்த குரல் ஒன்று வந்தது. கடல் சத்தம், காக்கா சத்தம், அதற்கு நடுவே மீன்காரம்மா.

"மாதாவே, வூட்டுக்காரருக்கு இருமல் நிக்கணும். பெரியவன் இப்பத்தான் வேலைக்குப் போய்க்கினு கீறான், அது நெலைக்கணும். ஐஸ் விக்கிற அக்பர் பாஷா பாய்க்குக் கால்ல புண்ணு, கால எடுக்கணும்ன்றாங்கோ, எடுக்காம பாத்துக்கோ. கபாலிகிட்டயும் சொல்லிக்கீறேன். ரெண்டு பேரும் பேசிக்கினு யாராச்சும் ஒருத்தரு செய்ங்க. அப்பால, அபிராமபுரத்துல மூணாவது மாடி பூனைக்காரம்மா. பேரு தெரியாது, உனக்குத் தெரியும். கயித்துல பைய வுடும், மீனு வாங்கும், இஸ்துக்கும், அவ்ளோதான். யாருமில்லாம கீது மாதாவே. பேச்சுக்கு ஒரு ஆளு குடு. இந்தப் புஷ்பத்தையும் மறந்துடாத. ஆமென்."

சாருலதா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். முதலில் வந்தது கோபம். ஆள் இல்லாதவள் என்று கடற்கரையில் நின்று ஊருக்கே சொல்கிறாளே, இவளிடம் யார் கேட்டது என்று. முகமெல்லாம் எரிந்ததாம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், பூனையைப் பார்த்தாள், திரும்பி வந்து மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் அழுகை வந்தது. எட்டு வருஷத்தில் தனக்காக யாரும் ஒரு சாமியிடமும் பேசவில்லை என்று நினைத்திருந்தாள். இங்கே ஒருத்தி, பேர்கூடத் தெரியாமல், எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

பிறகு டைப் அடிக்க ஆரம்பித்தாள். மாதாவுக்கு இறை, கபாலிக்கு இறை, அக்பர் பாஷாவுக்கு நபர். புஷ்பம் என்கிற பேரை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிவிட்டு அதற்கும் நபர் போட்டாள். பூனைக்காரம்மா வரி வந்ததும் கை நின்றது. இது பேர் இல்லையே, பேரைத்தானே அழிக்கச் சொன்னார்கள் என்று தனக்குத்தானே ஒரு வக்கீல் வாதம் செய்துகொண்டு, இடத்தின் பேரை மட்டும் எடுத்துவிட்டு அந்த வரிகளை அப்படியே விட்டாள். இருபத்தெட்டு வருஷ டைப்பிஸ்ட் வேலையில் அவள் தெரிந்தே விட்ட முதல் தப்பு அது.

மறுநாள் பதினோரு மணிக்குப் புஷ்பம் வந்தாள். இறங்கிப் போய், என் பேர் சாருலதா என்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தவள், குரல் கேட்டதும் பால்கனிக்குத்தான் போனாள். கயிற்றில் பையை இறக்கினாள். புஷ்பம் அண்ணாந்து பார்த்தாள். சாருலதாவுக்குப் பேர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே, எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது, ஆறு வருஷம் இல்லாமல் இன்றைக்கு எதற்குப் பேர் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டால். "இன்னிக்கு மீன் சின்னதா இருக்கே" என்று மட்டும் சொன்னாள். காத்து அப்படி என்று புஷ்பம் ஏதோ பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த தடவை கட்டாயம் இறங்கிப் போவது என்று சாருலதா முடிவுசெய்தாள். அதற்கு அடுத்த தடவையும் அப்படியே முடிவுசெய்தாள்.

பங்குனியில் புஷ்பம் வருவது நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம். பதினோரு மணிக்குப் பையையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் ஒருத்தி நிற்பதை நானும் கீழே இருந்து பார்த்திருக்கிறேன். வெயிலில் நின்று என்னத்தை வேடிக்கை பார்க்கிறாளோ என்று நினைத்தேன். சித்திரை, வைகாசி எல்லாம் போனது. பூனைக்குக் கடையில் விற்கும் உருண்டைத் தீனி வாங்கிப் போட்டாள்.

ஆனியில் பாரத் அவளை ஆபீசுக்கு வரச்சொன்னான். ஒருகுரலை அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி ஹாலில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்களாம். மெஷின் நன்றாகத்தான் பிரார்த்தனை சொல்கிறது, ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றான். கம்பெனிக்கு ஆலோசனை சொல்ல ஒரு சைவப் புலவர், ஒரு பாதிரியார், ஒரு ஹஜ்ரத் மூன்று பேர் இருந்தார்கள். புலவர் இது விவிலிய வாசனை என்றாராம். பாதிரியார் சூஃபிகள் சொல்வதுபோல இருக்கிறதே என்றார். ஹஜ்ரத் நம் பக்கம் இல்லை, பக்திப் பாட்டாக இருக்கும் என்றார். அவரவர் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஹாலில் மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் யாராவது அழுதார்களாம்.

பாரத் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டினான். செய்தி வாசிப்பதுபோல நறுவிசான பெண் குரல். நோயாளிகளுக்கு, செவிலியருக்கு, காத்திருக்கும் உறவினருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்து, "மேலே தனியாக இருப்பவருக்கும் துணை செய். அவர் பேர் தெரியாது, உனக்குத் தெரியும். பேச்சுக்கு ஓர் ஆள் கொடு" என்று முடித்தது.

சாருலதா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது தன் தவறுதான், ஒரு பதிவில் அடைப்புக்குறி போடாமல் விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். ஆயிரக்கணக்கான அடைப்புக்குறிக்கு நடுவே அந்த ஒன்றில்தான் ஆள் இருந்தது, மெஷின் அதைப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. பாரத் கோபிக்கவில்லை. அந்தப் பதிவைத் தேடிப் படித்துப் பார்த்தான்.

"மூணாவது மாடி, பூனை, தனியா இருக்காங்க. இது ஆபத்து மேடம். யாராவது தேடிக் கண்டுபிடிச்சா அந்தம்மா பாதுகாப்பு என்னாகுறது? அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் சாருலதா.

யாராவது தேடி வந்தால்தான் தேவலையே என்று நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாளாம். விதி விதிதான். அந்தப் பிள்ளை சொன்னதிலும் நியாயம் இருந்தது. அங்கேயே, அவன் மேஜையில் உட்கார்ந்து, பூனைக்காரம்மாவை எடுத்துவிட்டு நபர் என்று தன் கையாலேயே அடித்தாள். மாடியையும் பூனையையும் கயிற்றையும் எடுத்தாள். இனி இந்த வரி உலகத்துக்கே போகாது, பயப்படாதீர்கள் என்று பாரத் அவளைச் சமாதானப்படுத்தி லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினான்.

இரண்டு வாரத்தில் மெஷின் திருந்திவிட்டது. இப்போது அது எல்லோரும் நலமாக இருக்கட்டும், எல்லோருக்கும் அமைதி கிடைக்கட்டும் என்று அழகாகச் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் யாரும் அழுவதில்லையாம், கம்பெனிக்கு நல்ல பேர். அந்த எல்லோரில் நானும் ஒருத்திதானே என்று சாருலதா தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். எனக்கு இது ஏறவில்லை. கல்யாண மண்டபத்தில் மைக்கில், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அறிவிப்பார்கள். அதைக் கேட்டு யாரும் பந்திக்கு எழுந்திருப்பதில்லை. யாராவது வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

அந்த வாரமே அவள் ஆட்டோ பிடித்து லூப் ரோடு மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தவள், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் செருப்பு வழுக்க வழுக்கக் கடை கடையாகப் புஷ்பம் இருக்கிறாளா என்று கேட்டாள். ஐஸ் விற்கிற ஒரு பாய்தான் வழி காட்டினார். கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார், ஆனால் இரண்டு காலிலும் நின்றிருந்தார். அக்பர் பாஷா என்று பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். கபாலி செய்தாரா மாதா செய்தாளா தெரியவில்லை, பேசி முடித்திருக்கிறார்கள்.

புஷ்பத்தின் இடத்தில் தேவானை என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். புஷ்பத்துக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன் நடந்தது, பழவேற்காட்டில் மகள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், திரும்பி வருவாளா என்று தெரியாது என்றாள். போன் இல்லையா என்றதற்கு, புஷ்பம் போனில் எப்போதும் பேசாது, இருந்த போனையும் கீழே போட்டு உடைத்துவிட்டது என்றாள். சாருலதாவுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது.

"யாரு வந்தாங்கோன்னு சொல்லட்டும்?" என்று தேவானை கேட்டாள்.

சாருலதா வாயைத் திறந்தாள். நாலு மாதமாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருந்த பேர். அதைச் சொன்னால் புஷ்பத்துக்கு யாரென்று தெரியாது.

"பூனைக்காரம்மா வந்தாங்கன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆடி இரண்டாம் வெள்ளி. கற்பகாம்பாள் சந்நிதியில் மூச்சு விட இடமில்லை. வரிசையில் எனக்கு முன்னால் சாருலதா நின்றிருந்தாள். ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் எங்கள் குசலம். குருக்களுக்கு அவளைத் தெரியும். தட்டை வாங்கும்போதே, "சாமி பேருக்குத்தானேம்மா" என்றார்.

"இல்ல. புஷ்பம்."

"நட்சத்திரம்?"

"தெரியாது" என்றாள். பிறகு உள்ளே விளக்கொளியில் இருந்த அம்பாளைப் பார்த்து, "அவளுக்குத் தெரியும்" என்றாள்.

குருக்கள் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். ஆடி வெள்ளியில் அவருக்கு ஆராய்ச்சிக்கு நேரமில்லை. புஷ்பம் என்கிற பேரைச் சொல்லி உள்ளே போனார். மாதா படத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பழவேற்காட்டில் எங்கோ படுத்திருக்கிற புஷ்பத்தின் பேர் கபாலி கோயிலில் ஒலித்தது. அடைப்புக்குறி இல்லாமல்.

அடுத்த தட்டு என்னுடையது. யார் பேருக்கு என்றார். வழக்கப்படி வீட்டுக்காரர், மகன், மருமகள், பேரன், மகள், மாப்பிள்ளை, நான் என்று ஏழு பேரையும் நட்சத்திரத்தோடு கடகடவென்று ஒப்பித்தேன். சாருலதா நகராமல் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குங்குமத்துக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு பேராக அவள் எதற்குக் காது கொடுத்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெளியே வந்ததும் ஆட்டோ கிடைக்கவில்லை. ஒரே கட்டடம், சேர்ந்து நடக்காமல் முடியாது. வம்பு கேட்கிற புத்தி என்னை விடுமா, யார் அந்தப் புஷ்பம், சொந்தமா என்று கேட்டேன். குளக்கரையில் ஆரம்பித்தாள். எங்கள் தெரு வந்தும் முடியவில்லை, என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து சொன்னாள், அதற்கடுத்த நான்கு நாளும் வந்து சொன்னாள். ஒன்பது வருஷப் பேச்சு. நடுவில் காபியை ஆற வைத்துவிட்டு, என் பேர் ஒரு தடவைகூட வரலை மாமி என்றாள். ஏழு பேரை ஒப்பித்த வாய் எனக்கு அன்றைக்குக் கசந்தது. புஷ்பம் கேட்ட அந்த ஆள் நான்தான் என்றால், மாதாவுக்கு அவசரத்தில் வேறு யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இன்னமும் அவள் அந்த வேலையைத்தான் செய்கிறாள். பழவேற்காட்டிலிருந்து தகவல் இல்லை. பதினோரு மணிக்குப் பால்கனியில் நிற்கிறாள். சில நாள் என் வீட்டுக்கு வருகிறாள், சில நாள் வருவதில்லை.

அவள் கதை சொன்னதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பூனைக்கு உடம்பு சரியில்லை என்று அவள் கோயிலுக்கு வரவில்லை. நான் தனியாகத்தான் போனேன். ஏழு பேரையும் சொல்லி முடித்ததும் குருக்கள் தட்டோடு திரும்பினார். இருங்கள், இன்னும் ஒன்று இருக்கிறது என்று நிறுத்தினேன். "சாருலதா, கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி" என்று பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிகூட விடவில்லை. அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை.